பொட்டு மன்றம்

மூங்கில்பேட்டையில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் ரங்கநாதன் பெயரைப் பொறிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அப்படியும் கீழ்த்தளத்துக் கூடத்தின் சுவரில், இரண்டடிக்கு மூன்றடி கருங்கல்லில், அவர் பெயர் ஏறிவிட்டது. ‘பொட்டு மன்றம். பொட்டு முறையில் மக்களே வரைந்த குடியிருப்பு. முறை வகுத்தவர் ஸ்ரீரங்கம் வி. ரங்கநாதன்.’ வாசகம் எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்டால் அடக்கமாகச் சிரிப்பார். அவர்தான்.

உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரமாக, தகரமும் தார்ப்பாயுமாக இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் இருந்த இடம் அது. ஐப்பசியில் வாய்க்கால் வீட்டுக்குள் வந்துவிட்டுப் போகும். அவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டாமல் அதே இடத்தில், கட்டுப்படியாகிற தவணையில், அவர்கள் விருப்பப்படியே வீடு கட்டித் தருவது என்று திட்டம். அந்த விருப்பம் என்ன என்று கண்டுபிடித்துச் சொல்வதற்கு ரங்கநாதனை அமர்த்தினார்கள். அவருக்கு ‘மக்கள் பங்கேற்பு ஆலோசகர்’ என்று பெயர். கதர் ஜிப்பா, துணிப்பை, ரப்பர் செருப்பு. காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்தே வருவார்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கூட்டம் நடந்தது. படிக்கத் தெரியாதவர்களும் கருத்துச் சொல்ல வேண்டும் என்று அவர் பெரிய அட்டையில் ஆறு படங்கள் வரைய வைத்திருந்தார். பூங்கா, வழிபாட்டு இடம், கூட்டம் போட ஒரு கூடம், வண்டி நிறுத்த இடம், படிப்பகம், கீழ்த்தளத்தில் கைத்தொழில் செய்ய அறைகள். குடும்பத்துக்கு ஒரு பெண் வந்து, பிடித்த படத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்ட வேண்டும். பொட்டு சின்னக்கடை வீதியில் வாங்கியது. “கூட்டம் மாதிரி இருக்கக் கூடாது, நம்ம வீட்டு விசேஷம் மாதிரி இருக்கணும்” என்று சொல்லி, வாசலில் சந்தனம், குங்குமம், கல்கண்டுத் தட்டு வைத்து, பன்னீர் தெளிக்க ஆள் போட்டு, செல்போனில் நாதஸ்வரம் ஓடவிட்டார்.

நூற்று நாற்பத்தொரு பொட்டு விழுந்தது. பூங்காவுக்குத்தான் அதிகம். கூடம் இரண்டாவது. கைத்தொழில் அறைகளுக்குப் பன்னிரண்டே பொட்டு. பொட்டு வைக்காத எழுபத்தொரு குடும்பங்களைப் பற்றி ரங்கநாதன் அறிக்கையில் இப்படி எழுதினார்: ‘இவர்கள் திட்டத்தின் மீது முழு நம்பிக்கை கொண்டு முடிவை எங்களிடமே விட்டுவிட்டனர்.’

அறிக்கை நூற்று நாற்பது பக்கம். அட்டையில், மஞ்சள் புடவை கட்டிய பெண்கள் சிரித்தபடி பொட்டு ஒட்டும் படம். துவாக்குடிக்குப் போய் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகளுக்கு அதைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார்; மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதால் நன்றாகக் கைதட்டினார்கள்.

இப்போது கட்டடம் முடிந்துவிட்டது. சனிக்கிழமை சாவி ஒப்படைக்கும் விழா. சென்னையிலிருந்து ஒரு பெண் உயர் அதிகாரி வருகிறார், நிதி கொடுத்தவர்களும் வருகிறார்கள். பொட்டு முறையை நேரில் பார்க்க வேண்டுமாம். மேடையேறிச் சொல்வதற்கு ஒரு பெண் வேண்டும். புதன்கிழமை ரங்கநாதன், கணக்கெடுப்பு வேலை பார்க்கும் பெலிண்டாவை அழைத்துக்கொண்டு இருளாயியைத் தேடிப் போனார்.

இருளாயி வாய்க்கால் கரை வேப்பமரத்தடியில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறவள். மன்னார்புரத்து ஃபிளாட் வீடுகளின் துணியெல்லாம் அவளிடம்தான் வரும். ரங்கநாதனின் ஜிப்பாக்களும் வரும். ‘உள்ளூர்ப் பொருளாதாரத்துக்கு என்னாலான கைகொடுப்பு’ என்று அதைப் பற்றியும் அவர் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்.

“வாங்க சார், ஜிப்பா ரெடி” என்றாள். “நெஞ்சுல சாம்பார் கறை இருந்திச்சு. பெட்டி வெச்சதும் இன்னும் எடுப்பாத் தெரியுது.”

“ஜிப்பா கிடக்கட்டும்மா. சனிக்கிழமை நீங்க மேடையில வந்து ரெண்டு வார்த்தை பேசணும்.”

“நானா? என்னத்தப் பேசறது?”

“பொட்டு வெச்சதைப் பத்தித்தான். எந்தப் படத்துல வெச்சீங்க, ஏன் வெச்சீங்க. அவ்வளவுதான்.”

இருளாயி ஒரு கால்சட்டையைத் திருப்பிப் போட்டு மடிப்பை நீவினாள். “எனக்கு நாலாவது மாடி விழுந்திருக்கு சார். வண்டியை எங்க வெக்கிறதுன்னு கேட்டுச் சொல்றேன்னீங்க.”

“பேசிட்டிருக்கோம்மா.”

“இந்த மரமும் பார்க்குக்கு உள்ள போகுதாம்ல. வேலி போட்டதும் வண்டி நிக்கக் கூடாதுன்னு வாட்ச்மேன் சொல்லிட்டாரு. லிஃப்ட்ல கரிப்பெட்டி ஏத்தக் கூடாதுன்னு போர்டு. சனிக்கிழமை வரைக்கும் இங்க நிப்பேன். அப்புறம் பெட்டியைத் தலையில வெச்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதான்.”

“கீழ வேலை செய்யற ரூமுன்னு ஒரு படமே இருந்துச்சே. அதுல நீங்க பொட்டு வெச்சிருக்கலாம்ல? மக்கள் பூங்காதான் கேட்டாங்க. நீங்க எதுல வெச்சீங்க?”

“எதுலயும் வெக்கல சார்.”

“ஏம்மா? அன்னிக்கு வந்திருந்தீங்களே.”

இருளாயி துணியில் தண்ணீரைத் தெளித்தாள். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து துணி எண்ணிக்கொண்டிருந்தவள், அடுத்த வீட்டு ஷரபுன்னிசா. அவளால் பொறுக்க முடியவில்லை.

“என்ன சார் நீங்க, இவ்வளவு படிச்சவங்க. அவங்க எப்படி சார் வெப்பாங்க? வெள்ளிக்கிழமையும் அதுவுமா சந்தனம் குங்குமம்னு தட்டு வெச்சு, பன்னீரைத் தெளிச்சு, மேளத்தைப் போட்டுட்டுப் பொட்டு அட்டையை நீட்டினா, புருசன் இல்லாதவங்க கையை நீட்டுவாங்களா?”

ரங்கநாதன் துணிப்பையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

“எங்க வீட்ல பொட்டு வெக்கிற பழக்கமே கிடையாது. அதனால எனக்கு அது வெறும் ஸ்டிக்கர். ஒட்டிட்டு வந்துட்டேன். அதுவும் பூங்காவுல. ஊஞ்சல் படம் நல்லா வரைஞ்சிருந்தாங்க.”

“இந்தக் காலத்துலயுமா இதெல்லாம் பார்க்கறாங்க?” என்று ரங்கநாதன் முனகினார்.

“வீட்ல இருக்கறப்ப நானே சின்னதா ஒண்ணு வெச்சுக்குவேன் சார்” என்றாள் இருளாயி. “யாரு கேக்கப்போறா. ஆனா நல்ல காரியம் மாதிரி பண்ணியிருந்தீங்க. நாம போயி முன்னால நின்னா நல்லாருக்காதுன்னு பின்னால போயிட்டோம்.”

“போயிட்டோம்னா?”

“நாங்கதான். நெறைய பேரு.”

பெலிண்டா கையிலிருந்த டேப்லெட்டைத் தேய்த்துப் பார்த்தாள். “கணவர் இல்லாத குடும்பத் தலைவி, அறுபத்தெட்டு சார்.”

“எழுபத்தொண்ணுல்ல வெக்காதவங்க?”

“மீதி மூணு வீடு வேளாங்கண்ணி போயிருந்தாங்க.”

அவருக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. பெலிண்டா இதை வேறு யாரிடமாவது சொல்லியிருப்பாளோ என்ற கவலைதான் முதலில் வந்தது. வெட்கம் இரண்டு தெரு தள்ளி, கார் கதவைத் திறக்கும்போது வந்தது.

மறுநாள் கூடத்தில் கொத்தனார்கள் கருங்கல்லைச் சுவரில் பதித்துக்கொண்டிருந்தார்கள். திட்டப் பொறியாளர் சுரேஷ்குமாரிடம் ரங்கநாதன் சும்மா கேட்பதுபோலக் கேட்டார். “இந்தக் கூடத்தை ரூம் ரூமாப் பிரிக்க முடியுமா?”

“தடுப்புச் சுவர்தானே சார், தாராளமாப் பிரிக்கலாம். சாவி குடுக்கறதுக்கு முன்னாடின்னா எனக்கு அதிகாரம் இருக்கு. சனிக்கிழமை குடுத்துட்டா கூடம் குடியிருப்போர் சங்கத்துக்குப் போயிடும், அப்புறம் ஒரு செங்கல் நகர்த்த முடியாது.”

“அப்ப செஞ்சிடலாமே.”

“மக்கள் கேக்கணுமே சார். கேக்கலைன்னு நீங்கதான் எழுதிக் குடுத்திருக்கீங்க. அந்தக் கணக்கு தப்புன்னு ஒரே ஒரு வரி குடுங்க. கூடத்துச் சாவியை மட்டும் நிறுத்தி வெச்சுட்டு, திங்கட்கிழமை செங்கல் இறக்கறேன்.”

ஒரு வரி. நூற்று நாற்பது பக்கம் எழுதியவருக்கு ஒரு வரி பெரிய விஷயமா? காவிரிப் பாலத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோதே மனதில் எழுதிப் பார்த்தார். ‘பங்கேற்பு முறையின் நுண்ணிய அடுக்குகளில் கண்டறியப்பட்ட சில மௌனங்கள்.’ நன்றாகத்தான் இருந்தது. யார் தவறு செய்தார் என்பது மட்டும் அதில் இல்லை.

வீட்டில் அக்கா வேணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் கணவர் இறந்து பதினோரு வருடம். அன்றிலிருந்து தம்பி வீட்டில்தான் இருக்கிறாள். ரங்கநாதன் எதிரே உட்கார்ந்து ஒரு காம்பைக் கிள்ளினார்.

“அக்கா, ஒரு கூட்டத்துல ஸ்டிக்கர் பொட்டைக் குடுத்து, உனக்குப் பிடிச்ச படத்துல ஒட்டுன்னா ஒட்டுவியா?”

“யாரு குடுக்கறா?”

“நான்னு வெச்சுக்கயேன்.”

“நீ குடுக்க மாட்ட.”

“ஏன் குடுக்க மாட்டேன்?”

வேணி நிமிரவில்லை. “போன நவராத்திரிக்கு உன் பெண்டாட்டி சுபலட்சுமி எல்லாருக்கும் தாம்பூலம் குடுத்துட்டிருந்தா. நீ போட்டோ எடுத்த. ‘அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லு, படத்துல விழற’ன்னே. நான் அடுப்படிக்குப் போயிட்டேன். ஞாபகம் இருக்கா?”

“அது வெளிச்சத்துக்காகச் சொன்னதுக்கா.”

“நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன். அந்தக் காம்பைத் தட்டுல போடாத, அது முத்தல்.”

மாடிக்குப் போய்க் கணினியைத் திறந்தார். அறிக்கையின் அட்டைப்படம் முழுதாக அதில் இருந்தது. முன்னால் மஞ்சள் புடவைகள். பின்னால், சுவரை ஒட்டி, கைகட்டிக்கொண்டு வரிசையாகப் பெண்கள் நிற்கிறார்கள். மூன்றாவதாக இருளாயி. படம் நிறைவாக இல்லை என்று அந்த வரிசையை வெட்டிவிட்டு அட்டைக்குக் கொடுத்தது அவரே. வெட்டும்போது அவர்கள் முகத்தை அவர் பார்த்திருக்கிறார். ‘கலகலப்பு இல்லை’ என்று வடிவமைப்பாளரிடம் சொன்னதும் நினைவுக்கு வந்தது.

அப்போது எழுதினார், ஒரு வரி. ‘பொட்டுக் கணக்கு தவறு.’ கையெழுத்துப் போட்டு, மடித்து, மறுநாள் உடுத்த வேண்டிய ஜிப்பாவின் பையில் வைத்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை. நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று கொடுக்கவில்லை. சனிக்கிழமை காலை சீட்டை வேறு ஜிப்பாவுக்கு மாற்றிக்கொண்டார். விழா தொடங்குவதற்கு முன் கொடுப்பதாக இருந்தார். அதற்குள் அவரைக் குத்துவிளக்குப் பக்கம் கூப்பிட்டுவிட்டார்கள்.

சென்னையிலிருந்து வந்த அம்மாள் இதமாகப் பேசினார். ஆய்வரங்குகளில் பொட்டு முறையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாராம். கூட வந்தவர்கள் கருங்கல்லின் அருகே நின்று ஒவ்வொருவராகப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு இருளாயியை மேடைக்கு அழைத்தார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். அந்த அம்மாள் புதுப் பொட்டு அட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மைக்கை நீட்டினார்.

“நீங்க எந்தப் படத்துல பொட்டு வெச்சீங்கம்மா?”

சுவரோரமாக நின்ற பெண்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். இருளாயி ரங்கநாதனைப் பார்த்தாள். அவர் கை ஜிப்பாப் பையின் மேல் இருந்தது. கை உள்ளே போகவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை. முதுகில் வேர்வை ஓடியது. வாயைத் திறந்தார், திறந்ததை இருமலாக மாற்றிக்கொண்டார்.

“பூங்காவுலங்க” என்றாள் இருளாயி.

“ஏன்?”

“புள்ளைங்க வெளையாடும்ல.”

கைதட்டல் எழுந்தது. ரங்கநாதனும் தட்டினார். தட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதே சற்றுப் பொறுத்துத்தான் அவருக்குத் தெரிந்தது.

இருளாயி இறங்கிப் பின்வரிசைக்குப் போனாள். ஷரபுன்னிசா அவள் கையைப் பிடித்து, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரியே கிசுகிசுத்தாள். “உங்களுக்கு ஏங்க்கா இந்த வேலை? சோத்துல நீங்களே மண்ணைப் போட்டுக்கறீங்க.”

மேடையில் நிதி கொடுத்தவர்கள் பேசத் தொடங்கியதும் ரங்கநாதன் சுவரோரமாகவே நடந்து பின்னால் வந்தார்.

“ஏம்மா அப்படிச் சொன்னீங்க?”

“வேர்த்துப் போயி நின்னீங்க சார். அத்தனை பெரிய மனுசங்க முன்னாடி நம்ம ஆளை விட்டுக் குடுக்க முடியுமா?”

நம்ம ஆள். இரண்டு வருடமாக அவர் எல்லா மேடைகளிலும் ‘இது நம்ம மக்கள்’ என்று சொல்லி வந்திருக்கிறார். யாரும் திருப்பிச் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டார்கள், அதுவும் ஒரு பொய்யைச் செலவழித்து. அவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவள் வெறுங்காலைப் பார்த்தார்.

சுரேஷ்குமார் வாசலில் சாவித் தட்டுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார். ரங்கநாதன் சீட்டை நீட்டினார். அது வேர்வையில் ஊறியிருந்தது.

“இப்ப குடுக்கறீங்களே சார். அந்தம்மாவே பூங்காவுல வெச்சேன்னு மைக்ல சொல்லி, வீடியோவும் ஆயாச்சு. இந்த ஒரு வரி இனி நிக்காது. எது தப்பு, எப்படித் தப்புன்னு விவரமா எழுதணும். மேடம் கையெழுத்தும் வேணும். சாவி குடுக்க இன்னும் கால் மணி நேரம் இருக்கு.”

எழுத மேசை இல்லை. எல்லாம் மேடைக்குப் போயிருந்தது. வேப்பமரத்தடியில் இருளாயியின் வண்டிதான் இருந்தது. பெலிண்டாவிடம் காகிதம் வாங்கிக்கொண்டு அதன் மேல் வைத்து எழுதினார். வார்த்தைகளை அலங்கரிக்க நேரமில்லை.

‘கூட்டத்தைச் சுப காரியம் போல நடத்தி, பொட்டு வைக்கச் சொன்னேன். கணவரை இழந்த அறுபத்தெட்டு பெண்கள் விலகி நின்றார்கள். அவர்கள் எங்களை நம்பி விட்டுவிட்டதாக எழுதினேன், அது பொய். அவர்கள் நிற்கும் படத்தை வெட்டிவிட்டேன். இன்று இருளாயி மேடையில் சொன்னதும் உண்மை இல்லை. அவர் பொட்டே வைக்கவில்லை. என் மானத்தைக் காப்பாற்றச் சொன்னார். அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் கீழே தொழில் செய்ய இடம் வேண்டும். கூடத்தை இன்று ஒப்படைக்க வேண்டாம்.’

பெலிண்டா எட்டிப் படித்துவிட்டு, “சார், இது ஃபைல்ல போகுமே” என்றாள்.

“போகட்டும்.”

“பொட்டு முறைக்குக் குடுக்கறதா இருக்கற அவார்டு...”

“போகட்டும்மா.” இரண்டாவது முறை சொன்னபோது குரல் அவ்வளவு உறுதியாக இல்லை.

மேடைக்குப் போய்க் காகிதத்தை அந்த அம்மாளிடம் கொடுத்தார். அவர் படித்துவிட்டு, “இதை நீங்களே படிங்க. எல்லாரும் கேக்கட்டும்” என்று மைக்கைக் கொடுத்தார். ரங்கநாதன் படித்தார். ‘படத்தை வெட்டிவிட்டேன்’ என்ற இடத்தில் நிமிர்ந்தார். சுவரோரத்து வரிசை அவரையே பார்த்தது. இருளாயி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டிக்கொண்டது தான் என்பதுபோல.

படித்து முடித்ததும் யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது.

“ரொம்ப நேர்மையான பதிவு” என்றார் அந்த அம்மாள், கண்ணாடியைத் துடைத்தபடி. “தோல்வியிலிருந்து கற்றல். அடுத்த கருத்தரங்குக்கு இதையே தலைப்பா வெச்சுக்கலாம்.”

“வேண்டாம் மேடம். தயவுசெஞ்சு தட்ட வேண்டாம்னு சொல்லுங்க.”

மைக் அணைக்கப்படவில்லை. அடக்கத்தைக் கேட்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள். ஆனால் அந்த இரைச்சலிலேயே அந்த அம்மாள் காகிதத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார். வீட்டுச் சாவிகள் போயின. கூடத்துச் சாவி மட்டும் தட்டிலேயே தங்கியது.

மறுவாரம் வீடு வீடாக ஏறி இறங்கிக் கேட்டாள் பெலிண்டா. ரங்கநாதன் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு போனார். மூன்றாவது மாடியில் ஒரு பெண் கதவைத் திறந்து, “இந்தத் தடவை எதை ஒட்டணும் சார்?” என்று கேட்டாள். பெலிண்டா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “எதையும் ஒட்ட வேண்டாம்க்கா, வாயால சொல்லுங்க.” ரங்கநாதன் மாடிப்படியின் கைப்பிடிச் சுவரை ஆராய்ந்தார்.

கூடம் பதினாறு அறைகளாயிற்று. தையல், இட்லிமாவு, பைண்டிங், சைக்கிள் ரிப்பேர். ஓர் அறையின் கதவு, கருங்கல் இருந்த இடத்திலேயே வர வேண்டியிருந்தது. கொத்தனார் கல்லைப் பெயர்த்து மூலையில் சாத்திவிட்டு, என்ன செய்வது என்று ரங்கநாதனுக்குப் போன் போட்டார். அவர் போனை எடுக்கவில்லை.

தை பிறந்து ஒரு காலையில், இரண்டு ஜிப்பாவை மடித்து எடுத்துக்கொண்டு அவர் வந்தார். காரை இந்தமுறை வாசலிலேயே நிறுத்தினார். இருந்தாலும் இறங்கச் சற்று நேரமாயிற்று. இருளாயியின் அறை முதல் அறை. மேசைக்கு வலது பக்கம் இரண்டு வரிசை செங்கல் அடுக்கி, அதன் மேல் ஒரு பலகைக் கல். அதில்தான் கரிப்பெட்டியை வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். எழுத்துப் பக்கம் மேலே இருந்தது. ‘முறை வகுத்தவர்’ வரை தெரிந்தது. அதற்கு அடுத்த எழுத்துகளின் மேல் பெட்டி.

“வாங்க சார். சும்மாக் கிடந்திச்சு, எடுத்துக்கிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க” என்றாள். “கல்லு நல்ல கல்லு. எவ்வளவு சூடு வெச்சாலும் தாங்குது. எழுத்து வெட்டியிருக்கா, பெட்டி வழுக்காம நிக்குது.”

“இருக்கட்டும்மா. அதுக்குத்தான் சரி.”

அவள் பெட்டியை எடுத்தபோது அவர் பெயர் முழுதாகத் தெரிந்தது. சாம்பல் பூத்து, ஓரம் கொஞ்சம் கருகியிருந்தது. பெட்டி திரும்பி வந்து அதன் மேல் உட்கார்ந்தது. தையல் அறைப் பெண்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரத்து வரிசையில் இருந்த முகங்கள்தான்.

“அவசரமா சார்?”

“இல்லம்மா.”

“அப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்தை மறைக்கறீங்க.”

ரங்கநாதன் தள்ளி நின்றார்.